இண்டக்‌ஷன் அடுப்பு: கம்பெனி கையேடா, மின் விதியா... எதைக் கேட்பது? முழு விவரம்

2025-ல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மூலம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர், விருதுநகர் மாவட்டம் கூமாப்பட்டி. அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ போய் 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கி வருகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் அடுப்பின் பிளக் பெருசா இருக்கு. சமையலறைச் சுவரில் இருப்பதோ சின்ன பிளக் பாயிண்ட்.

"ஒரு கன்வெர்ட்டர் பிளக் போட்டா ஓடும்" என்பார் கடைக்காரர். "அக்கா, இதுக்குத் தனி லைன் இழுக்கணும்" என்பார் ஒயர்மேன். பெட்டிக்குள் இருக்கும் கையேடு இன்னொன்று சொல்லும். இதில் யார் பேச்சைக் கேட்பது?

கணக்கு என்ன சொல்கிறது?

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 2,000 வாட்ஸை 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். சின்ன பிளக் பாயிண்டின் தாங்குதிறன் 6 ஆம்பியர், அதாவது 1,380 வாட்ஸ்தான். பெரிய பவர் பிளக் 16 ஆம்பியர் வரை, அதாவது 3,680 வாட்ஸ் வரை தாங்கும்.

கன்வெர்ட்டர் பிளக் பின்னின் அளவை மட்டும்தான் மாற்றுகிறது. சுவருக்குள் இருக்கும் ஒயரையும், பிளக் பாயிண்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டையும் அது மாற்றாது. முதல் நாள் அடுப்பு நல்லாவே எரியும். தினமும் அரை மணி, ஒரு மணி நேரம் ஓடும்போது தகடு சூடாகி, பிடிப்பு தளர்ந்து, பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். கருகிய வாடை வந்த பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிய வரும்.

கையேடு எதற்கு? விதி எதற்கு?

கையேடு, பொருளைச் செய்த கம்பெனி எழுதுவது. அடுப்புக்கு எத்தனை வாட்ஸ் தேவை, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா கூடாதா என்பதையெல்லாம் அது சொல்லும். அடுப்புக்கு உள்ளே நடப்பது கம்பெனிக்குத்தான் தெரியும் என்பதால், இந்த விஷயங்களில் கையேட்டை மீறக் கூடாது. மீறினால் வாரன்டி கேட்கும்போதும் சிக்கல் வரும்.

ஆனால் கூமாப்பட்டியில் இருக்கும் அந்த வீட்டின் ஒயர் எத்தனை வருஷம் பழசு, எர்த் வேலை செய்கிறதா என்பது கம்பெனிக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்ப்பது விதி.

இந்தியாவில் மின் பாதுகாப்புக்கான அடிப்படை, மின்சாரச் சட்டம் 2003-ன் கீழ் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைகள். முதலில் 2010-ல் வந்தவை, இப்போது நடைமுறையில் இருப்பவை 2023-ல் வந்தவை. வீட்டு ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐஎஸ் 732 என்ற இந்தியத் தரநிலையும், தேசிய மின் விதித்தொகுப்பும் விளக்குகின்றன. தரநிலைக்கும் ஆணையத்தின் ஒழுங்குமுறைக்கும் முரண் வந்தால் ஒழுங்குமுறையே செல்லும். அப்படியிருக்க, ஒரு கம்பெனியின் கையேடு விதிக்கு மேல் நிற்க முடியாது.

வெளிநாட்டிலும் இதே விவாதம்

பிரிட்டனில் பெரிய மின் அடுப்புகள் அதிகம். நாலு பர்னர், ஓவன் எல்லாம் சேர்த்து 10 கிலோவாட் அடுப்பு என்றால் சுமார் 43 ஆம்பியர். அதற்கேற்ற பெரிய லைன் வேண்டும் என்று கையேடு சொல்லலாம். ஆனால் அங்குள்ள எலக்ட்ரீஷியன்கள் பின்பற்றும் வழிகாட்டிக் கணக்கு வேறு: முதல் 10 ஆம்பியரை முழுசா எடு, மீதியில் 30 சதவீதம் மட்டும் சேர். அப்படிப் பார்த்தால் சுமார் 20 ஆம்பியர்தான் வரும். எல்லா பர்னரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓடாது என்பதே காரணம். அந்த நாட்டின் ஒயரிங் தரநிலையான பிஎஸ் 7671, கம்பெனி கையேட்டை "கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்கிறது.

இந்தச் சலுகைக் கணக்கு நம்ம வீட்டு ஒற்றை இண்டக்‌ஷனுக்குப் பொருந்தாது. ஒரே பர்னர் என்பதால், முழு வேகத்தில் வைத்தால் 8.7 ஆம்பியரையும் அது இழுக்கும்.

எம்சிபி ட்ரிப் ஆனால் பெரிய எம்சிபி போடலாமா?

பெரும்பாலான தவறு நடக்கும் இடம் இதுதான். லைட், ஃபேன் லைனில் அடுப்பைப் போட்டால் 6 ஆம்பியர் எம்சிபி ட்ரிப் ஆகும். உடனே அதை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் போடுவார்கள். பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைக் கட்டிவிடுவார்கள். கரண்ட் நிற்காது, அடுப்பும் ஓடும். ஆனால் எம்சிபி காப்பாற்ற வேண்டியது சுவருக்குள் இருக்கும் ஒயரைத்தான். ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால், எம்சிபிக்குப் பதில் ஒயர் உருகும்.

சரியான வழி: மெயின் போர்டிலிருந்து தனி லைன், பொதுவாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்கேற்ற 16 ஆம்பியர் எம்சிபி, எர்த்துடன் கூடிய 16 ஆம்பியர் பவர் பிளக். ஐஎஸ் 732-ன் 1989 பதிப்பே ஒரு பவர் லைனில் 3,000 வாட்ஸுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றது. அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் ஒரே லைனில் ஓடினால் இந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும்.

யார் செய்ய வேண்டும்?

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகப் பொருட்களை மாற்றுவதற்கு ஒழுங்குமுறையில் விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: ஒயரிங்கின் திறனோ தன்மையோ மாறக் கூடாது. ஏற்கெனவே உள்ள பவர் பிளக்கில் அடுப்பை மாட்டுவது யாரும் செய்யலாம். 6 ஆம்பியர் பாயிண்டை எடுத்துவிட்டு 16 ஆம்பியர் வைப்பது, புது லைன் இழுப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

எர்த், ஆர்சிசிபி ஏன் முக்கியம்?

ஈரக் கை, ஈரத் தரை, ஸ்டீல் பாத்திரம் மூன்றும் சேரும் இடம் சமையலறை. எர்த் இல்லாமல் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாக இருந்தால், கசியும் மின்சாரத்துக்கு மனித உடலே வழியாகிவிடும். எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. அதற்கு ஆர்சிசிபி வேண்டும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத கசிவிலேயே அது ட்ரிப் ஆக வேண்டும் என்பது விதி. கையேட்டில் ஆர்சிசிபி பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் அதைத் தவிர்க்கக் கூடாது.

வெளிநாட்டு அடுப்பு கொண்டு வந்தால்?

துபாய், சிங்கப்பூரிலிருந்து வரும் அடுப்புகளில் தட்டையான மூன்று பின் பிளக் இருக்கும். அதற்குள் 13 ஆம்பியர் வரையிலான ஒரு ஃபியூஸும் இருக்கும். பிளக்கை வெட்டிவிட்டு நம்ம ஊர் பிளக் போட்டால் அந்த ஃபியூஸ் போய்விடும். கையேடு அந்த நாட்டு ஒயரிங்கை மனதில் வைத்து எழுதியது. இங்கே பாதுகாப்பைச் சரியான எம்சிபி, ஆர்சிசிபி மூலம்தான் கொடுக்க முடியும்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* அடுப்பின் அடியில் உள்ள லேபிளில் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா எனப் பாருங்கள்.
* சமையலறையில் 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா, அதில் எர்த் வேலை செய்கிறதா எனச் சோதிக்கச் சொல்லுங்கள்.
* முழு வேகத்தில் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 120 யூனிட். 
* அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதை மின் பகிர்மானக் கழகத்தில் உறுதி செய்யுங்கள். மின்னகம் எண்: 94987 94987.

கையேடும் விதியும் வேறு வேறு சொன்னால், இரண்டில் எது கடுமையானதோ அதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. புது லைனுக்கு ஒயர்மேன் கேட்கும் கூலியையும் அடுப்பின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.