பயிற்றி இல்லாத சுற்றுலா



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பாலர் பள்ளிப் பெற்றோர் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பிள்ளையை எங்கே அழைத்துப் போகலாம்? ஏதாவது கற்றுக்கொள்கிற இடமாகச் சொல்லுங்கள்." முன்பெல்லாம் உடனே ஒரு பட்டியலை ஒப்பிப்பேன். தேசிய உயிரியல் பூங்கா, பறவைப் பூங்கா, பெட்ரோசைன்ஸ், கோல சிலாங்கூர் மின்மினிப் பூச்சிகள்... இப்போது அப்பட்டியலை நான் தருவதில்லை. அவ்விடங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை என்னிடம்தான் இருந்தது.

2019-ஆம் ஆண்டில் என் பாலர் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரைத் தேசிய உயிரியல் பூங்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். 2014-இல் சீனாவிலிருந்து வந்த பாண்டாக் கரடிகள் அப்போது அங்கே இருந்தன. (2025-இல் அவை தாயகம் திரும்பிவிட்டன.) சுற்றுலாவிற்கு முந்திய இரவு கண்விழித்து, பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பயிற்றி ஒன்றைத் தயாரித்திருந்தேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு கேள்விகள்! விலங்கைக் கண்டதும் அதன் பெயரைப் பார்த்தெழுத வேண்டும். படத்திற்கு வண்ணம் தீட்ட வேண்டும். வெயிலில் பென்சில் முனை உடைந்துபோன ஒரு பெண்பிள்ளை யானையின் எதிரே நின்றுகொண்டு அழுதாள். யானையை அவள் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் வகுப்பில், "நேற்று எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். பாண்டா என்ற பதிலை எதிர்பார்த்தேன். "எறும்பு!" என்றான் ஒருவன். உடனே நான்கைந்து பேர் எழுந்து நின்று எறும்பைப் பற்றியே பேசினார்கள். உணவு வேளையில் மரத்தடியில் சிந்திய சோற்றுப் பருக்கையை எறும்புகள் இழுத்துக்கொண்டு போனதைக் குந்தியிருந்து பார்த்திருக்கிறார்கள். அப்போது "வரிசை! வரிசை!" என்று கூவி அவர்களை எழுப்பிவிட்டவள் நான்தான். ஏழாம் கேள்வி எஞ்சியிருந்ததே!

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் முடிந்து பள்ளி திறந்த பிறகு, தொலைவான பயணங்களுக்கு எனக்குத் துணிவு வரவில்லை. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைத்தொலைவில் காலைச் சந்தை இருக்கிறது. முறைப்படி அனுமதி பெற்று, வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, உடன்வர இசைந்த தாய்மாரோடு அங்கே போனோம். இருவருக்கு இரண்டு ரிங்கிட், ஒரு துணிப்பை. பயிற்றி இல்லை.

தேங்காய் துருவும் இயந்திரத்தின் முன்னே நின்றவர்கள் அசையவே இல்லை. துருவிய பூவை அக்கடைக்காரர் ஆளுக்கொரு சிட்டிகை கையில் வைத்தார். மீன் கடையில் ஒருவன் செவுளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மீன் ஏன் கண்ணை மூடவில்லை?" என்று கேட்டான். மீனுக்கு இமை இல்லை என்றேன். திரும்பி வரும்வரை தன் இமையையே தொட்டுக்கொண்டு வந்தான். மலாய்ப் பாட்டியிடம் மலாய், தோசைக் கடை அக்காவிடம் தமிழ் என்று தாமாகவே மொழி மாற்றிப் பேசினார்கள்.

கீரை ஒரு கட்டு. வாழைப்பழம் ஒரு சீப்பு. கறிவேப்பிலை ஒரு கொத்து. இச்சொற்களைத்தாம் பின்னர் தொடக்கப்பள்ளியில் 'தொகுதிப் பெயர்' என்று மனனம் செய்யச் சொல்கிறோம். சீப்பைக் கையில் ஏந்தி, அதன் கனத்தை உணர்ந்த பிள்ளைக்கு அச்சொல்லை மனனம் செய்யும் தேவை என்ன?

இதற்கு எதிர்ப்பும் வந்தது. "சந்தைக்கு நான் வாரந்தோறும் போகிறேன், டீச்சர். அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? வேறு பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் வாக்கியமே எழுதுகிறார்கள்" என்றார் ஒரு தாயார். அவரை என்னால் குறைகூற இயலவில்லை. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்னும் அச்சம் நம் பெற்றோர் பலருக்கும் உண்டு. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது, அச்சம் அகலவில்லை. அது படியிறங்கிப் பாலர் பள்ளிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது என்பேன்.

எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதும் கை முதலில் ஆயத்தமாக வேண்டும் என்கிறேன். நம் எழுத்துகள் வளைவும் சுழியுமானவை. 'இ' எழுதவும் 'ஞ' எழுதவும் விரலும் மணிக்கட்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எட்டு எலும்புகளின் இடத்திலும் குருத்தெலும்பே இருக்கிறது; அவை ஒவ்வொன்றாக எலும்பாக இறுகப் பல்லாண்டுகள் ஆகின்றன. அந்தக் கைக்குச் சப்பாத்தி மாவு பிசைவதும், முருங்கைக் கீரை உருவுவதும், பூண்டு உரிப்பதும் நல்ல வேலைகள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரும் இரு குவளைகளும் கொடுத்தால் போதும். அரைமணி நேரம் ஊற்றி விளையாடும். ஆனால், ஒரு நொடியும் அதைத் தனியே விட்டு நகரக் கூடாது.

விதை பொறுக்குவது என் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த விளையாட்டு. நம் நாட்டில் சாகா மரம் எனப்படும் மஞ்சாடியின் அடியில் சிவப்பு விதைகள் கொட்டிக் கிடக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: மஞ்சாடி முழுச் சிவப்பாக இருக்கும். சிவப்பில் கரும்புள்ளி உடையது குன்றிமணி. அது கொடிய நஞ்சு. அதை எடுக்கவே விடாதீர்கள். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளிடம் எந்தச் சிறு விதையும் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். திடலுக்குப் போகும்போது நீளக் காற்சட்டை போட்டு, கொசு விரட்டியும் பூசிவிடுங்கள். டிங்கிக் காய்ச்சலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முறை வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். உண்மைதான். சமைக்கும்போது பத்துப் பூண்டுப் பல்லைப் பிள்ளையின் முன்னே வைக்க முடியும் அல்லவா? வேலை இருமடங்கு தாமதமாகும், தோலெல்லாம் தரையில் சிதறும், அதுவும் உண்மைதான்.

எதிர்ப்புத் தெரிவித்த தாயார் வருகின்ற செவ்வாய்க்கிழமை எங்களோடு சந்தைக்கு வருகிறார். மகனுக்குப் பென்சிலும் பயிற்றியும் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருந்தார். துணிப்பை போதும் என்று சொல்லியிருக்கிறேன்.