எலிக்கு வீக்கம் வற்றியது, அம்மாவுக்கு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரவில்லை. ஆபீஸ் வேலை காரணமில்லை, அம்மாவின் கை.

அம்மா இருப்பது மட்டாஞ்சேரியில். யூதத் தெருப் பக்கம் மிளகு மண்டியில் அப்பா கணக்கு எழுதிய காலத்தில் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. சுக்கு, மஞ்சள், மிளகு மூட்டை வாசத்தில் வளர்ந்தவன் நான். இங்கே கடையில் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூலைப் பார்த்ததும் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று வேறு போட்டிருந்தான். போன லீவில் ஆறு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். "பிள்ளை வாங்கிட்டு வந்த மருந்து இருக்கே" என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூணு மாசத்தில் விரல் மடங்கவில்லை. காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

அந்த 'நிரூபணம்' என்னவென்று அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

எலிக்கு மூலிகைச் சாறு கொடுப்பார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் பின்னங்காலில் காராஜீனன் ஊசி. இது கடல்பாசியிலிருந்து எடுப்பது. கால் வீங்கும். சில மணி நேரத்துக்கு வீக்கத்தை அளப்பார்கள். சாறு குடித்த எலிக்கு வீக்கம் குறைவாக இருந்தால் 'அழற்சி எதிர்ப்பு நிரூபணம்'. 1962இல் விண்டர் குழு வெளியிட்ட முறை இது. முறை தப்பில்லை. இண்டோமெதசின் என்ற வலி மருந்து வந்ததும் அதே குழுவிடமிருந்துதான். ஆனால் அது முதல் சல்லடை மட்டுமே. சல்லடையில் தேறியதையெல்லாம் மருந்து என்று விற்பதுதான் அநியாயம்.

ஊசி போட்ட வீக்கம் சில மணி நேரத்துச் சமாசாரம். அம்மாவின் மூட்டு பல வருஷமாக உடம்பே உடம்பைத் தின்னும் நோய். ரெண்டும் ஒன்றா?

அளவைப் பாருங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் கொடுப்பது சகஜம். உடல் பரப்புக் கணக்கில் மாற்றினால் 60 கிலோ மனிதருக்குத் தினமும் ஏறக்குறைய 4 கிராம் சாறு. அதுவும் காய்ச்சி வற்றவைத்த சாறு, இலை இல்லை.

எலி மனிதனும் இல்லை. குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்து பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் சேரும் அளவு எலியில் 154 சதவீதம் கூடியது, மனிதரில் 2000 சதவீதம்!

குர்குமினின் அழற்சி எதிர்ப்பை லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தின் ஸ்ரீமலும் தவனும் 1973லேயே எழுதிவிட்டார்கள். அதற்கப்புறமும் இலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, சோதனை மட்டும் அதேதான். ஒரு பட்டம், ஒரு கட்டுரை, கூண்டு கூண்டாக எலி. அடுத்த படியான மனித ஆய்வுக்குப் போகாத கட்டுரைக்காக அந்த ஜீவன்கள் ஏன் சாகவேண்டும்? முழங்கால் தேய்மானத்தில் சில சின்ன மனித ஆய்வுகள் கொஞ்சம் பலன் காட்டியிருக்கின்றன, மறுக்கவில்லை. அந்த வழியில் பெரிதாகச் செய்யுங்கள் என்கிறேன்.

'இயற்கைதானே, கெடுதல் என்ன?' என்பவர்களுக்கு: மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இறந்தார்.

'பாட்டன் சொன்னதுக்கு எலி சாட்சி வேணுமா?' என்றும் கோபப்படுவீர்கள். எலியைச் சாட்சிக்கு இழுத்தது டப்பா விற்பவன்தான், நான் இல்லை. ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலுக்காக 1675இல் இதே கொச்சியில் இட்டி அச்சுதன் வைத்தியர் தான் சொன்னதற்குத் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். இந்த டப்பாவில் யார் கையெழுத்து இருக்கிறது?

ஊருக்குப் பெட்டி கட்டும் அண்ணன்மாரே, அக்காமாரே, மூணு கேள்வி கேளுங்கள். சோதித்தது எலியிலா, மனிதரிலா? எவ்வளவு கொடுத்தார்கள்? எந்த நோய்க்கு? பதில் இல்லாவிட்டால் சாக்லேட் வாங்கிக்கொண்டு போங்கள்.

அம்மா பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள். நேற்று போனில், "டம்ளரைப் பிடிச்சுட்டேன்டா" என்றார்கள். மஞ்சளும் மிளகும் ரசத்தில் வழக்கம்போல இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும் :-)