பில்தாத் சொன்னதும் கடவுள் சொன்னதும்

தமிழ்ப் புராட்டஸ்டாண்ட் திருச்சபைகளில் புத்தாண்டு ஆராதனையின்போது வாக்குத்தத்த அட்டை வழங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஆண்டுக்குக் கடவுள் தமக்குத் தந்த உறுதிமொழி என்று ஒருவர் ஏற்றுக்கொள்ளும் ஒற்றை வேத வசனத்தையே சபையார் வாக்குத்தத்தம் என்கின்றனர். அது வீட்டுச் சுவரிலும் நாட்காட்டியிலும் திருமண அழைப்பிதழிலும் இடம்பெறுகிறது. இவ்வழக்கத்தின் பின்னுள்ள பக்தி மெய்யானது. நோயிலும் கடனிலும் உழல்வோர் பலருக்கு அது ஊன்றுகோலாக இருந்திருக்கிறது. ஆயினும் வசனம் தன் அதிகாரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்படும்போது, சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த நிலையில் சொல்லப்பட்டது என்னும் மூன்றும் உதிர்ந்துபோகின்றன. உதிர்ந்ததை எவரும் அறியாமலே வசனம் தொடர்ந்து ஓதப்படுகிறது.

யோபு 8:7ஐவிட இதற்குத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தொடக்கம் சிறிதாயினும் முடிவு பெருகி நிறையும் என்னும் கருத்துடைய அவ்வசனம், புதுக் கடைக்கும் அடிக்கல் நாட்டு விழாவுக்கும் உரிய வாழ்த்தாகத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே நிலைபெற்றுவிட்டது. ஆனால் அதைச் சொன்னவர் கடவுள் அல்லர். யோபுவைத் தேற்ற வந்த மூன்று நண்பர்களில் ஒருவராகிய பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், அந்தப் பிள்ளைகள் தங்கள் பாவத்தின் பலனையே அடைந்தனர் என்னும் குறிப்பை 4ஆம் வசனத்தில் வைத்துவிட்டு, யோபு தூயவராக இருந்தால் வாழ்வு மீளும் என்ற நிபந்தனையோடு அவர் தொடரும் பேச்சின் ஒரு துண்டே இது. நூலின் முடிவில், 42:7இல், இந்நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கடவுள் சினக்கிறார். யோபுவின் பின்னாள்கள் முன்னாள்களைவிடச் சிறந்தன என்று 42:12 கூறுவதால் பில்தாதின் சொல் பலித்துவிட்டதே என்று வாதிடுவோர் உண்டு. பலித்தது உண்மை; ஆனால் துன்பப்படுகிறவன் பாவம் செய்திருக்கத்தான் வேண்டும் என்ற அவருடைய கோட்பாடு முற்றிலும் தள்ளப்பட்ட பிறகே, அதுவும் அந்த நண்பர்களுக்காக யோபு வேண்டிக்கொண்ட பிறகே, அந்த நல்வாழ்வு வருகிறது. அட்டையில் உள்ள ஒரு வரி இந்தப் பெரும் போராட்டம் முழுவதையும் மறைத்துவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கையில் அதே அட்டை கிடைக்குமானால், யோபுவைப் புண்படுத்திய பேச்சிலிருந்து எடுத்த வரியே அவருக்கு ஆறுதலாக நீட்டப்படுகிறது.

வசனங்களை இப்படித் தனித்தனியே எடுப்பதற்கு எண்ணிட்ட அச்சமைப்பும் ஒரு காரணம். இன்று வழங்கும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டின் ஸ்டீபன் லாங்டனோடு இணைத்துப் பேசப்படுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் அச்சாளர் ரொபேர் எஸ்தியென் 1551இல் இட்டவை. ஆனால் பவுல் எழுதியவை கடிதங்கள். ஒரு கடிதத்தை அதைப் பெற்ற சபை முதலிலிருந்து முடிவுவரை வாசிக்கக் கேட்டது.

சொன்னவரையும் சூழலையும் அறிந்து தொடர்ச்சியாக வாசிப்பது தமிழருக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களின் அடிக்குறிப்பு, பாடல் தலைவியின் கூற்றா, தோழியின் கூற்றா என்பதையும் அது எழுந்த சூழலையும் சுட்டுகிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியைக் கடந்தால் வரும் திருவரங்கத்தில், இதே முறை வைணவச் சமய நூல் வாசிப்பாகவே வளர்ந்திருக்கிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை. திருவரங்கத்தில் நம்பிள்ளை ஆற்றிய உரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை பதிவுசெய்த ஈடு முப்பத்தாறாயிரப்படி, ஒவ்வொரு பதிகத்துக்கும் பாசுரத்துக்கும் முன்னே அவதாரிகை ஒன்றை வைக்கிறது. அவதாரிகை என்பது முன் சொன்னதோடு இனிச் சொல்லப்போவதை இணைத்துக் காட்டும் முன்னுரை. பேசுவது ஆழ்வார் தாமா, தாயா, தோழியா, மகளா என்பதை உரைகாரர் தெளிவாக்கிக்கொண்டே மேற்செல்கிறார். ஒற்றைச் சுலோகத்தைப் போற்றும் வழக்கமும் அங்கே உண்டு. கீதையின் 18:66ஆம் சுலோகத்தைச் சரம சுலோகம், அதாவது இறுதி உபதேசம், என்று கொண்டாடும் அம்மரபில், பிள்ளை லோகாசாரியர் தமது முமுட்சுப்படியில் அதை விளக்கப் புகும்போது, முன்னர் உபதேசிக்கப்பட்ட வழிகளைக் கேட்டு அர்ச்சுனன் துயரில் மூழ்கிய நிலையை முதலில் நிறுத்திவிட்டே சுலோகத்துக்குள் நுழைகிறார். வரி சிறிதாக இருப்பதில் குற்றமில்லை என்பதும், அது அவதாரிகை இல்லாமல் நிற்பதே குறை என்பதும் இதனால் விளங்கும். இரு சமயங்களின் கோட்பாடுகள் வேறு வேறாயினும், நூலுக்குக் காட்டும் இந்த மரியாதை காவிரியின் இக்கரையிலுள்ள திருச்சிச் சபைகளுக்கும் உரியதுதான்.

கடவுள் தாமே சொன்ன வாக்குகளுக்கும் இது பொருந்தும். எரேமியா 29:11 நன்மையான எதிர்காலத்தை உறுதியளிக்கிறது. எனினும் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட ஒரு சமூகத்துக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. இரண்டே ஆண்டில் மீட்பு என்று அனனியா கூறிய பொய்த் தீர்க்கதரிசனத்தை முந்தைய அதிகாரம் சொல்ல, இந்தக் கடிதமோ 70 ஆண்டு என்கிறது. அதுவரை வீடு கட்டவும் தோட்டமிடவும், சிறைவைத்த நகரத்தின் நலனுக்காகவே மன்றாடவும் பணிக்கிறது. உடனடி வெற்றியை எதிர்பார்த்து அவ்வசனத்தைப் பற்றிக்கொள்பவர், கடிதம் கேட்கும் பொறுமையையும் அயலார் மீதான அக்கறையையும் பெறாமல் போகிறார்.

1766இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் திருச்சிக் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழுப்பிய காலம் தொட்டு வேதத்தைத் தமிழில் வாசித்துவரும் ஊர் இது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகமும் தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி–தஞ்சைத் திருமண்டலமும் இங்கேயே இருக்கின்றன. இவற்றின் சபைகள் வார நாள் வேத ஆராய்ச்சிக்கு யோபு நூலின் 42 அதிகாரங்களையும் வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாசிப்பு தொடங்குமுன் பேசுபவர் யோபுவா, நண்பர்களாகிய எலிப்பாசா, பில்தாதா, சோப்பாரா, பின்னர் பேசும் எலிகூவா என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்க வேண்டும். பில்தாதுடைய 8, 18, 25ஆம் அதிகாரங்களை முடித்தபின் அவருக்குக் கடவுள் அளித்த மறுமொழி வரும்வரை எவரும் இடையில் நிறுத்தாமல் வாசித்துச் செல்ல வேண்டும்.