யாழ்ப்பாணத்து விடுதிகளும் எங்கள் கிணறுகளும்

விடுமுறைக்கு ஊர் போய் வருகிறவர்கள் சொல்லும் செய்திகளில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் விடுதிகள் பெருகிவிட்டன என்பது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை தொடங்கியது. வருகிறவர்களை நம்பி எழும் கட்டடங்களில் புலம்பெயர்ந்தோரின் பணமும் கலந்திருக்கிறது. ஆகவே எங்கே, எப்படிக் கட்டுவது என்ற கேள்வி எங்களுடையதும்தான்.

சூழலுக்கு இசைவான விடுதி என்றதும் இலங்கையில் பலரும் காட்டுவது தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலமவை. ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994 இல் திறக்கப்பட்ட அது, பாறையை ஒட்டி நீண்டு, செடிகொடிகளால் மூடிக் கிடக்கிறது. இன்று அதன் அழகைப் புகழ்கிறவர்கள், அது கட்டப்பட முன்னர் எழுந்த எதிர்ப்பை நினைப்பதில்லை. குளம் மாசடையும் என்று பிக்குகளும் ஊரவர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களுடைய கவலை தண்ணீர்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கவலை இன்னும் பெரிது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அதுவே ஆதாரம். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். கல்லில் வெடிப்புகள் இருப்பதால் மலசலகூடக் குழியின் கழிவு அயல் கிணற்றுக்குச் சுலபமாகப் போய்ச் சேரும். நீச்சல் தடாகம் வெட்டி, முகப்பில் கிடுகு வேய்ந்துவிட்டால் அது எங்கள் ஊர் விடுதி ஆகிவிடாது. மழைநீரைச் சேர்க்கிறதா, கழிவுநீரைச் சுத்திகரிக்கிறதா என்பதே முதற் கேள்வி.

வெயிலுக்கு எங்கள் நாற்சார் வீட்டிலேயே விடை உண்டு: நடுமுற்றம், விறாந்தை, தாழ்ந்த ஓட்டுக்கூரை, வளவில் வேம்பு. விருந்தோம்பலுக்கும் முன்மாதிரி உண்டு. பருத்தித்துறைத் தெருமூடிமடம் வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இருபுறமும் திண்ணை வைத்து வழிப்போக்கரை இருத்தியது. சுமைதாங்கி பாரம் சுமந்து வந்தவருக்கு, ஆவுரஞ்சிக்கல் மாட்டுக்கு. கட்டியவர் அயலுக்கும் சேர்த்தே கட்டினார்.

காணியின் கதையையும் மறக்கமுடியாது. காங்கேசன்துறையில் தல்செவன விடுதியை இராணுவம் நடத்துகிறது. காரைநகருக்கு அருகே கடற்கோட்டையில் கடற்படை விடுதி நடத்துகிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில இன்னும் தங்கள் காணிக்காகக் காத்திருக்கின்றன. ஒருவர் திரும்ப முடியாத கரையில் இன்னொருவர் விடுமுறை கழிப்பதை எந்தக் கட்டடக்கலையும் அழகாக்காது.

விடுதியில் பங்கு கேட்டு உறவினர் தொலைபேசி எடுத்தால், இலாபக் கணக்கோடு மூன்றைக் கேளுங்கள்: காணி யாருடையது? கழிவுநீர் எங்கே போகிறது? அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை உண்டா? அடுத்த முறை ஊர் போகும்போது நாங்களும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளப்போகிறோம்.