படை வைத்தியரும் தேக பரீட்சையும்

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பெதெஸ்டா நகரில், படைகளுக்கு வைத்தியர்களைத் தயாரிப்பதற்கென்றே ஒரு சர்வகலாசாலை இருந்து வருகிறது. 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்டது அது. வைத்திய மாணவர்கள் அங்கே சம்பளம் கட்ட வேண்டியதில்லை. சேரும்போதே படை உத்தியோகஸ்தராகி வேதனமும் பெறுகிறார்கள். அதற்குப் பிரதியாக, பயிற்சி முடிந்தபின் குறைந்தது 7 வருஷம் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் கல்வியில் சிறந்திருந்தால் மட்டும் போதாது. தேக பரீட்சையிலும் தேற வேண்டும். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததென்று தெரிந்தாலே விதிப்படி தகுதி போய்விடும். அதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் அந்தந்தப் படையிடம் இருக்கிறது. ஆகவே ஒரே மாணவரை ஒரு படை நிராகரிப்பதும், மற்றொன்று ஏற்பதும் சாத்தியமே.

விதியே கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. நடுக்கடலில் கப்பலிலோ, மருந்து கிடைக்காத போர்முனையிலோ வைத்தியரே நோயாளியாக வீழ்ந்தால், காயமுற்ற சிப்பாயின் கதி என்ன? இந்த ஆக்ஷேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆயினும் வியாதியின் பெயர் வேறு, மனிதனின் இன்றைய சக்தி வேறு. கானடா தேசத்து டாக்டர் நார்மன் பெத்யூன் 1926-இல் க்ஷயரோகத்தினால் பீடிக்கப்பட்டவர். குணமடைந்து, 1936-இல் ஸ்பெயின் யுத்தத்தில் ரத்ததான சேவை நடத்தினார். 1938-இல் சீனா சென்று, மறு வருஷம் உயிர் துறக்கும் வரை போர்முனையில் ரண சிகிச்சை செய்தார். பழைய நோயை மட்டும் பார்த்து அவரை ஒதுக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

இதில் மற்றோர் அபாயமும் உண்டு. உண்மை சொன்னவன் கதவடைக்கப்பட்டு, மறைத்தவன் உள்ளே புகுவானாயின், வைத்தியத் தொழிலின் முதற் பாடமே பொய்யாகிவிடும். நோயாளியிடம் உண்மையை எதிர்பார்க்கப்போகிறவனை நாமே பொய்க்குப் பழக்கலாமா?

ஆகவே ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே, தற்கால நிலையைக் கொண்டு பரிசீலிக்கப்பட வேண்டும். மறுப்பதானால் காரணம் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். புதிய சான்றுகளுடன் மீண்டும் முறையிட இடமளிக்க வேண்டும். விலக்கு என்பது தயவன்று. விதி நியாயமாக நடப்பதற்கு அதுவே துணை.