கால் பெரிதா, காலணி பெரிதா?

கடல் கடந்து வந்து நியூசிலாந்து மண்ணில் வேரூன்றி வாழும் தமிழ்ப் பெற்றோராகிய நாம், எமது பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் ஓயாது சிந்திக்கின்றோம். அவர்களது விளையாட்டைப் பற்றிச் சிந்திப்பதோ அரிது. ஆயினும், கிளென் ஈடனிலும் அதனைச் சூழ்ந்த மேற்கு ஒக்லாந்துப் பகுதிகளிலும் வளரும் எமது சிறார் பலரின் உள்ளத்தில் இன்று பெரியதோர் இடத்தைப் பிடித்திருப்பது கூடைப்பந்தாட்டம் என்பதை மறுப்பதற்கில்லை. பாடசாலை முற்றத்தில் ஒரு வளையம், அயல்வீட்டு வாசலில் ஒரு வளையம், படுக்கையறைச் சுவரில் வீரரின் உருவப்படம் என அவர்களது உலகம் அந்தப் பந்தைச் சுற்றியே உருள்கின்றது.

ஆட்டத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்தது சப்பாத்து மோகம். எந்த வீரரின் பெயரைத் தாங்கிய சப்பாத்து எந்த மாதம் வெளிவருகின்றது, அதன் நிறம் யாது, விலை யாது என்பனவெல்லாம் 10 வயதுப் பாலகனுக்கு மனப்பாடமாகத் தெரிகின்றன. இதனைக் கண்ட பெற்றோர் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார், "பந்தும் சப்பாத்தும் நாளைக்குச் சோறு போடுமா?" என வெகுண்டு யாவற்றையும் தடுக்கின்றனர். மறு சாரார், பிள்ளையின் முகம் வாடலாகாது என்று மேலதிக வேலை செய்தேனும் கேட்டதை வாங்கிக் கொடுக்கின்றனர். இவ்விரு வழிகளும் பொருந்தா என்பதே எமது கருத்து. ஆட்டத்தின் மீதுள்ள பற்று வளர்க்கத் தக்கது. சப்பாத்தின் மீதுள்ள மயக்கம் தெளிவிக்கத் தக்கது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே வீட்டில் பூசல் எழுகின்றது.

பந்தாட்டம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தடித்துப் பாடும் கந்துக வரி இடம்பெற்றுள்ளது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலோ தலைவி வசந்தவல்லி பந்தாடுகின்றாள். ஆடுகின்ற உடலின் அழகைக் கண்டு மகிழ்வது எமது இலக்கியத்துக்கு உடன்பாடான செயலே.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலே பிறந்தது. அங்கிருந்த கிறிஸ்தவ இளைஞர் சங்கப் பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் மண்டபத்தினுள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தைத் தேடினார். பீச் பழக்கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை வகுத்து, பக்கத்துக்கு 9 பேராக 18 மாணவரை ஆடச் செய்தார். அதே கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றை நிறுவினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் பயின்று வெளியேறிய ஆசிரியர் பலர் ஊரூராய்ச் சென்று விளையாட்டைக் கற்பித்தனர். ஆகவே எமது பிள்ளைகள் ஆடும் இவ்வாட்டம், பிறந்து 30 ஆண்டுகளுக்குள்ளேயே தமிழ் மண்ணில் முறையான பயிற்சிக்கூடத்தைப் பெற்றுவிட்டது எனலாம்.

அந்த மண்ணிலிருந்து எழுந்தவரே அனிதா பால்துரை. 18 ஆண்டுகள் இந்திய மகளிர் அணியில் ஆடி, அதன் தலைவியாகவும் விளங்கிய இவர், மகவு ஈன்ற பின்னரும் களத்துக்குத் திரும்பினார். 2021இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. கூடைப்பந்தின் தங்கை எனத்தக்க வலைப்பந்தில் யாழ்ப்பாணத்துப் பெண்ணாகிய தர்ஜினி சிவலிங்கம் உலகறிந்தவர். 208 சென்ரிமீற்றர் உயரமுடைய அவர், இலங்கை அணியின் ஆசிய வெற்றிகளுக்குத் தூணாக நின்றார். வலைப்பந்து இந்நாட்டில் 1970 வரை கூடைப்பந்து என்னும் பெயராலேயே வழங்கிற்று என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

"எமது பிள்ளைகளுக்கு உயரம் ஏது?" எனக் கேட்கும் பெற்றோரும் உளர். அமெரிக்கத் தேசியச் சங்கத்தின் ஆட்டங்களில் 1987 முதல் 2001 வரை 14 பருவங்கள் ஆடிய மக்ஸி போக்ஸ் என்பவரின் உயரம் 160 சென்ரிமீற்றர் மாத்திரமே. எமது வீட்டு வாசற்படியில் நிற்கும் பதின்ம வயதுப் பிள்ளையின் உயரமே அவருடையது. அவரது வலிமை விரைவிலும் விழிப்பிலும் இருந்தது.

இந்நாட்டின் கதையும் ஊக்கமளிப்பதே. றக்பி ஆட்டத்தையே உயிராகக் கொண்ட நியூசிலாந்தின் கூடைப்பந்தணி, 2002இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் நான்காம் இடத்தைப் பெற்று யாவரையும் வியக்க வைத்தது. ஒக்லாந்தைத் தளமாகக் கொண்ட பிரேக்கர்ஸ் அணி, அவுஸ்திரேலிய அணிகளை எதிர்த்தாடி 2011, 2012, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் தேசிய லீக் கிண்ணத்தை வென்றது. றொட்டொரூவாவில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தமையன்மாரின் அரவணைப்பால் மீண்ட ஸ்ரீவன் அடம்ஸ், 2013இல் அமெரிக்க அணித் தெரிவில் 12ஆம் இடத்தைப் பெற்றார். இத்தகைய நாட்டில் வளரும் பிள்ளை கூடைப்பந்தை விரும்புவதில் வியப்பென்ன?

இனி, ஆடுபவரைப் போலவே பார்ப்பவருக்கும் பெருமை உண்டு என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். நவ் பாட்டியா என்னும் சீக்கியர் 1984இல் இந்தியாவிலிருந்து கனடா சென்றார். பொறியியல் கற்றவராயினும் தமது துறையில் வேலை கிட்டாது, மோட்டார் வாகனம் விற்பவராகத் தொடங்கி உயர்ந்தார். 1995இல் ரொறன்ரோ றப்ரர்ஸ் அணி உருவான நாள் முதலாக அதன் உள்ளூர் ஆட்டங்களுக்குப் பல்லாண்டுகள் தவறாது சென்றார். தம்மைப் போலப் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோருக்குத் தமது செலவில் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். 2019இல் அவ்வணி வாகை சூடியபோது, வீரருக்கு அளித்த மோதிரத்தை அவருக்கும் அளித்தனர். 2021இல் நைஸ்மித்தின் பெயரால் அமைந்த புகழ்மண்டபம் இரசிகராகிய அவரையும் கௌரவித்தது. தலைப்பாகையைக் களையாமலும் தமது அடையாளத்தை மறைக்காமலும் அவர் அவ்விடத்தை அடைந்தார். உண்மையான இரசிகன் எத்தகையவன் என்பதை எமது மாணவர் இவரிடம் கற்கலாம். அவன் தோல்வியிலும் உடனிருப்பான். தான் பெற்ற இன்பத்தைப் பிறருடன் பகிர்வான்.

இப்போது சப்பாத்துக்கு வருவோம். சப்பாத்து என்னும் சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்றது. கூடைப்பந்துக்கென உருவான தொடக்ககாலச் சப்பாத்துகளுள் புகழ்பெற்றது 1917இல் கொன்வேர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓல் ஸ்ரார். தடித்த துணியும் றப்பர் அடியும் கொண்ட எளிய பொருள் அது. பின்னாளில் சக் ரெய்லர் என்னும் விற்பனையாளரின் பெயரை அதில் பொறித்தனர். ஆளின் பெயரால் சப்பாத்தை விற்கும் வழக்கம் இவ்வாறு வேர்கொண்டது. 1984இல் நைக்கி நிறுவனம் மைக்கல் ஜோர்டனுடன் உடன்படிக்கை செய்தது. மறு ஆண்டு அவரது பெயர் தாங்கிய சப்பாத்து 65 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. சப்பாத்தின் நிறம் விதிக்கு ஒவ்வாது என ஆட்டச் சங்கம் ஆட்சேபிக்க, அந்த ஆட்சேபத்தையே விளம்பரமாக்கி நிறுவனம் பெரும்பொருள் ஈட்டியது. தடையையும் பணமாக்கும் வணிக வித்தை இது.

அவ்வித்தையின் மற்றொரு கூறு செயற்கையான தட்டுப்பாடு. விரும்புவோர் தொகையிலும் குறைவாகவே சில வகைகளை உற்பத்தி செய்வர். கிடைக்காத பொருளின் மீது ஆசை பெருகும். வாங்கியவர் அதனையே பன்மடங்கு விலைக்கு மறுபடி விற்பர். 1998 இறுதித் தொடரில் ஜோர்டன் அணிந்த ஒரு சோடிச் சப்பாத்து 2023இல் 22 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போயிற்று. மயக்கம் முற்றினால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்க நகரங்களில் சப்பாத்துக்காக இளைஞர் கொல்லப்பட்ட கொடுமையை 1990 மே மாதத்தில் அந்நாட்டின் முன்னணி விளையாட்டு வார இதழ் ஒன்று தன் அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது.

எமது பிள்ளைகள் அறியவேண்டிய இன்னுமொரு செய்தி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில், தாய்வான் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழிற்சாலைகளில் நைக்கி சப்பாத்துகள் தயாராகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களோ தோற்பொருளுக்கும் காலணிக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. இத்தொழிலில் ஈடுபட்டிருப்போரிற் பெரும்பாலார் பெண்கள். கடையில் நாம் கொடுக்கும் விலையில் மிகச் சிறிய பங்கே தைத்த கையைச் சென்றடைகின்றது. ஒக்லாந்துக் கடையில் பளபளக்கும் சப்பாத்தின் தையலில் ஒரு தமிழ்த் தாயின் ஒரு நாள் உழைப்பு இருத்தல் கூடும். அதனை உணர்ந்த பிள்ளை, இருக்கும் சோடியைத் துடைத்துப் பேணுமேயன்றி, புதியது வந்ததென்று அதனை மூலையில் வீசாது.

இராமாயணத்திலே பரதன் பாதுகைகளைத் தலைமேற் சுமந்து வந்து, அவற்றையே அரசாள வைத்தான் என்பதைப் பாலர் வகுப்பு மாணவரும் அறிவர். அப்பாதுகைகளுக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? பொன்னாலோ மணியாலோ வந்ததன்று. அவற்றை அணிந்த திருவடிகளாலே வந்தது. ஜோர்டனின் சப்பாத்துக்கும் அவரது கால்களே மதிப்பளித்தன. 1978இல் தமது பாடசாலையின் முதன்மை அணியில் இடம் கிடைக்காது, இளையோர் அணியில் ஆடிய சிறுவன் அவர். அந்த ஏமாற்றத்தை அவர் பயிற்சியால் வென்றார். அப்பயிற்சியை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

ஆகவே மாணவச் செல்வங்களே, சப்பாத்து வேண்டாமென நாம் கூறவில்லை. துள்ளியும் திரும்பியும் ஆடும் இவ்வாட்டத்தில் கணுக்கால் பிசகுதலே மிகுதியாக நேரும் காயம். ஆதலின் காலுக்கு அளவான, வழுக்காத அடியுடைய சப்பாத்து இன்றியமையாதது. ஆனால் அளவைப் பாருங்கள், அடியைப் பாருங்கள், அதன் பின் விலையைப் பாருங்கள். பெயரை இறுதியிற் பாருங்கள். மண்டபத்தில் அணிவதைத் தெருவில் தேய்க்காதீர்கள். உங்கள் தோழன் மலிவான சப்பாத்துடன் வந்தால் எள்ளி நகையாடாதீர்கள். அவனுக்குப் பந்தைக் கொடுத்து, அவன் எறிவதைப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். வளரும் பிள்ளையின் கால் ஓராண்டுக்குள் அளவு மாறிவிடும். வீட்டின் வரவையும் செலவையும் பிள்ளையுடன் அமர்ந்து மனந்திறந்து பேசுங்கள். "இவ்வளவே எம்மால் இயலும், மீதியை நீயே சேர்த்துக்கொள்" எனக் கூறுவது பிள்ளையைத் தாழ்த்துவதாகாது, அது பொறுப்பைக் கற்பிப்பதாகும். அதனிலும் மேலாக, ஆட்டத்தைக் காணச் செல்லுங்கள். வாகனத்தில் இறக்கிவிட்டுத் திரும்பாது, ஓரத்தில் அமர்ந்து விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த சப்பாத்தைக் காட்டிலும், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் தாய் தந்தையரின் முகமே பிள்ளைக்குப் பெருந்துணை.

இறுதியாக, எமது பாடசாலைச் சமூகமும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். வார இறுதியில் ஆட்டமும் தமிழ் வகுப்பும் ஒரே வேளையில் வந்து மோதுகின்றன. "பந்தா, தமிழா?" என்று பிள்ளையைத் தெரிவு செய்யச் சொன்னால், பலர் பந்தின் பக்கமே ஓடுவர், போனவர் திரும்பி வருவது அரிது. அக்கேள்வியை எழாமற் செய்வதே அறிவுடைமை. ஆட்டமுள்ள நாளில் தவறிய பாடத்தை வேறு வேளையில் கற்க வழி செய்யலாம். ஆடிய ஆட்டத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வரச் சொல்லலாம். வளையம், எறிதல், தடுத்தல், கைமாற்றுதல் என ஆட்டத்தின் சொற்கள் யாவும் எமது மொழியிலேயே உள்ளன. தான் நேசிப்பதைத் தமிழிற் சொல்லக் கற்ற பிள்ளை தமிழையும் நேசிக்கும். ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில், கடைசி நொடியில் பந்து வளையத்துள் வீழ்ந்த கதையை ஒரு பேரப்பிள்ளை தமிழிலேயே விபரிக்குமாயின், அதைவிடச் சிறந்த வாய்மொழித் தேர்வு வேறென்ன உண்டு?

எமது பிள்ளைகள் ஓடட்டும், துள்ளட்டும், உயர எறியட்டும். அவர்களது கால்கள் வலிமை பெறட்டும். அக்கால்கள் எமது வகுப்பறை வாசலையும் மறவாது மிதிக்கட்டும்.