முதுமையும் குருதி அமுக்கமும்: இறங்கிய எண்கள் மீண்டும் ஏறுவது ஏன்?

உலகில் 30 முதல் 79 வயது வரையானோரில் உயர் குருதி அமுக்கம் உடையோரின் தொகை 1990இல் ஏறத்தாழ 65 கோடியாக இருந்தது. 2019இல் அது 128 கோடியாயிற்று. ஆயினும் நோயுடையோரின் விகிதம் பெரிதும் மாறவில்லை. மக்கள் தொகை பெருகியதும் மாந்தர் நெடுநாள் வாழ்வதுமே தொகை இரட்டித்ததற்குப் பிரதான காரணங்கள்.

முதுமையில் இரத்தக் குழாய்கள் இறுகுவதால் அமுக்கத்தின் மேல் எண் ஏறுகிறது. வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே முறையான அளவு என ஒரு காலத்தில் வைத்தியர்களே கூறிவந்தனர். நம்மவர் வீடுகளில் அக்கணக்கு இன்னும் வழக்கொழியவில்லை. அறிவியலோ அதனைக் கைவிட்டு முப்பதாண்டுகளுக்கு மேலாகின்றது. 1991இல் வெளியான ஐக்கிய அமெரிக்க ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தோரின் மேல் எண்ணை மருந்தால் குறைத்தபோது பாரிசவாதம் 36 சதவீதம் குறைந்ததென நிறுவியது. 2008இல் வெளியான வேறோர் ஆய்வில், 80 வயதைத் தாண்டியோரிடம் சிகிச்சையால் மரணங்கள் 21 சதவீதம் குறைந்தன.

இவ்வறிவை நடைமுறைப்படுத்தியதில் கனடா முன்னணியில் நின்றது. 1990களின் தொடக்கத்தில் அங்கு நோயாளரில் 13 சதவீதத்தினருக்கே அமுக்கம் கட்டுப்பட்டிருந்தது. 2009அளவில் அது 65 சதவீதமாக உயர்ந்தது. குடும்ப வைத்தியர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட வழிகாட்டலுக்கு இதில் பெரும்பங்குண்டு. பின்னரே சறுக்கல் தொடங்கியது. 2010களின் பிற்பகுதியில் கனேடியப் பெண்களிடையே கட்டுப்பாடு தளர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2013-14இல் 54 சதவீதமாக இருந்த கட்டுப்பாடு, 2017-18இல் 44 சதவீதமாக வீழ்ந்தது. மருந்துகள் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இவ்வீழ்ச்சி நேர்ந்தமை கவனத்துக்குரியது. குறைவது தொடர்ந்து கண்காணிக்கும் வைத்தியரே எனத் தோன்றுகின்றது: 2022இல் கனடாவில் வயதுவந்தோர் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நிலையான குடும்ப வைத்தியர் இருக்கவில்லை.

எம்மவரில் இதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடியோர், 2011 டிசம்பரில் தொடங்கிய சுப்பர் விசாவில் வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோரே. அவர்களுக்கு அரச மருத்துவக் காப்பு இல்லை. குறைந்தது ஒரு இலட்சம் டொலர் பெறுமதியான தனியார் காப்புறுதி கட்டாயம். அது பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கானது. பாரிசவாதத்தில் விழுந்தால் காப்புறுதி கைகொடுக்கக்கூடும். விழாமல் காக்கும் வழமையான பரிசோதனைக்கு அது உதவுவது அரிது. அதிலும் முன்பிருந்தே உள்ள நோயென்றால் நிறுவனங்கள் விதிக்கும் நிபந்தனைகள் வேறு. உயர் அமுக்கமோ வலியின்றி வளரும் நோய். மருந்தகங்கள் பலவற்றில் அதனை இலவசமாக அளந்து பார்க்கலாம். ஆனால் மாத்திரைக்கு வைத்தியரைக் காண வேண்டும், அக்கட்டணம் பெரும்பாலும் பிள்ளைகளின் கையிலிருந்தே செல்கின்றது.